ஹுக்கெ: டேனிஷ் சொல்லுக்குத் தமிழில் என்ன?

டென்மார்க்கில் ஒரு வீட்டு விருந்து முடிந்து கிளம்பும்போது, 'ரொம்ப ஹுக்கெலியாக இருந்தது' என்று சொல்லிவிட்டுத்தான் கோட்டை மாட்டுவார்கள். 'ஹுக்கெ' பெயர்ச்சொல், 'ஹுக்கெலி' அதன் உரிச்சொல். உதட்டைக் குவித்துக்கொண்டு 'இ' சொல்லிப் பாருங்கள், அதுதான் முதல் உயிரொலி. தமிழ் எழுத்தில் 'ஹு'வைவிட நெருக்கமாகப் போக வழியில்லை.

நெருங்கியவர்களோடு அவசரமில்லாமல் உட்கார்ந்து, சாப்பிட்டு, பேசிக்கொண்டிருக்கும் சுகம் என்பது இதன் பொருள். கோபன்ஹேகனில் டிசம்பர் கடைசியில் பகல் சுமார் 7 மணி நேரம்தான். ஆகவே வீட்டுக்குள் மெழுகுவத்தி கட்டாயம் எரியும். அதற்கு அவர்கள் வைத்த பெயரே 'உயிருள்ள ஒளி'. தனியாகப் போர்வைக்குள் புத்தகம் படிப்பதும் ஹுக்கெதான்.

டென்மார்க்கோடு சேர்த்தே பேசப்பட்டாலும், சொல் வந்தது நார்வேயிலிருந்து. 1814 வரை இரண்டு நாடுகளும் ஒரே அரசரின் கீழ் இருந்தன. வேர், பழைய நோர்ஸ் மொழியில் 'மனம்' என்று பொருள்படும் 'ஹுக்ர்' சொல்லின் குடும்பம். அதிலேயே நினைத்தலுக்கும் ஆறுதல் சொல்வதற்கும் வினைகள் உண்டு. அணைப்பதைக் குறிக்கும் ஆங்கில 'ஹக்' இதன் உறவு என்கிறார்கள், அது உறுதியாகவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது இதன் எதிர்ச்சொல். முன்னால் 'ஊ' சேர்த்து 'ஊஹுக்கெலி' என்றால் சௌகரியக் குறைவு என்றுதானே நினைப்போம்? இல்லை, திகிலூட்டுவது, அமானுஷ்யமானது என்று பொருள். பேய்க்கதைக்குச் சொல்லும் சொல். ஹுக்கெயின் அடியில் பயமில்லாத பாதுகாப்பு இருப்பதை இது காட்டிவிடுகிறது. 2016-ல் பிரிட்டனில் காலின்ஸ் அகராதி வெளியிட்ட ஆண்டின் சொற்கள் பட்டியலில் இது இடம்பெற்றபோது, கம்பளிச் சாக்ஸும் மெழுகுவத்தியும் விற்கும் சொல்லாகவே பலருக்கு அறிமுகமானது. பாதி அர்த்தம் அங்கேயே போய்விட்டது.

சரி, தமிழில்? 'வசதி' பொருந்தாது, அது பொருளைப் பற்றியது. 'மகிழ்ச்சி' மிகவும் பொது. தனித்திருக்கும் ஹுக்கெக்கு 'இதம்' போதும். கூட்டத்தோடு இருப்பதற்கு ஆண்டாள் எப்போதோ சொல் கொடுத்துவிட்டாள். திருப்பாவையின் 27-ஆம் பாசுரத்தில், பால்சோறு மூட நெய் பெய்து முழங்கை வழிவாரச் சாப்பிட்டு, 'கூடியிருந்து குளிர்ந்து' என்கிறாள். அவர்கள் ஊரில் கதகதப்பு, நம் ஊரில் குளிர்ச்சி. அதனால் 'கூடிக்குளிர்தல்' என்று எழுதலாம் என்பது என் யோசனை. வினையாகவும் வளைகிறது: 'ஞாயிறு சாயங்காலம் எல்லோரும் கூடிக்குளிர்ந்தோம்.'