சிவக்கும் இலைக்குள் நடக்கும் வேலை

அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் லிங்கன் என்ற சிற்றூரிலேயே பெட்ரோல் போட்டுக்கொள்வது நல்லது. அங்கிருந்து கான்வே வரை போகும் கான்கமாகஸ் நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 55 கிலோமீட்டருக்கு ஒரு பங்க்கூடக் கிடையாது. வெள்ளை மலைகளின் காட்டை ஊடறுத்துப் போகும் சாலை அது. செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை இலைகளின் நிறம் பார்க்க வருகிறவர்களின் கார்கள் அதில் வரிசையாக ஊர்ந்துகொண்டிருக்கும்.

நான் போனது அக்டோபர் முதல் வாரத்தில். சாலை 870 மீட்டர் உயரத்தில் ஒரு கணவாயைத் தாண்டுகிறது. மேலே பிர்ச் மரங்கள் பாதி மொட்டையாகிவிட்டன. கொஞ்சம் இறங்கினால் மலைச்சரிவு முழுக்கச் சிவப்பும் ஆரஞ்சும். இன்னும் கீழே, ஸ்விஃப்ட் ஆற்றையொட்டிப் போகும்போது பச்சை மிச்சம் இருந்தது. உயரத்தில் குளிர் முந்திக்கொண்டு வருவதால் இப்படி. ஒரு மணி நேரக் கார்ப் பயணத்திலேயே இரண்டு மூன்று வாரங்களைப் பார்த்துவிடலாம்.

ஆற்றோரம் வண்டியை நிறுத்தி ஒரு சுகர் மேப்பிள் இலையைப் பொறுக்கினேன். நல்ல சிவப்பு. ஆனால் நடுவில் ஓர் இடம் மட்டும் மஞ்சளாக, கூர்மையான ஓரங்களோடு இருந்தது. உற்றுப் பார்த்தால் அது இன்னொரு மேப்பிள் இலையின் பாதி உருவம்! மரத்தில் இருந்தபோது மேலே ஓர் இலை இதை மறைத்துக்கொண்டு நின்றிருக்கிறது. மருதாணி படாத இடம் கையில் வெளுப்பாகத் தெரியுமே, அதுபோல வெயில் படாத இடம் சிவக்காமலே இருந்துவிட்டது.

அந்த மஞ்சளும் சிவப்பும் ஒரே விதமாக வந்தவை அல்ல.

மஞ்சள் புதிதாக வந்ததல்ல. கரோட்டினாய்டு என்ற நிறமி வசந்தத்திலிருந்தே இலைக்குள் இருக்கிறது. பச்சையம் அதைவிட நிறைய இருப்பதால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். பச்சையம் கோடை முழுவதும் சிதைந்துகொண்டே இருக்கும், மரமும் புதிதாகச் செய்துகொண்டே இருக்கும். இந்தப் பகுதியில் ஜூன் மாதப் பகல் 15 மணி நேரத்துக்கு மேல். அக்டோபர் நடுவில் அது 11 மணி நேரமாகிவிடும். பகல் சுருங்குவதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு மரம் பச்சையம் செய்வதை நிறுத்துகிறது. பச்சை வடிந்ததும் உள்ளே இருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. பிர்ச்சிலும் ஆஸ்பெனிலும் கதை இதோடு முடிந்துவிடும்.

மரம் ஏன் இந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்கிறது? இலையை அப்படியே உதறிவிடலாமே? இலைக்குள் இருக்கும் நைட்ரஜன் லேசில் கிடைக்கிற பொருள் அல்ல. வேர் மண்ணிலிருந்து தேடித் தேடி எடுத்தது அது. ஒளிச்சேர்க்கை செய்யும் புரதங்களில்தான் அதில் பெரும்பகுதி இருக்கிறது. உதிர்வதற்கு முன்னால் அந்தப் புரதங்களைப் பிரித்து, நைட்ரஜனில் ஏறக்குறைய பாதியை, சில மரங்களில் பாதிக்கு மேலும், கிளைக்கும் தண்டுக்கும் திருப்பி அனுப்புகிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பச்சையம் அந்தப் புரதங்களோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. புரதத்தைக் கழற்றிவிட்டுப் பச்சையத்தை மட்டும் விட்டுவைத்தால், அது வெயிலை வாங்கிக்கொண்டே இருக்கும். வாங்கிய ஆற்றல் போக வழியில்லாமல், செல்லைச் சிதைக்கும் ஆக்ஸிஜன் வகைகளை உண்டாக்கும். வீடு காலி செய்யும்போது கேஸ் சிலிண்டரை முதலில் பத்திரமாகக் கழற்றி வைப்போம் இல்லையா? இலையும் பச்சையத்தைப் படிப்படியாக உடைத்து, நிறமில்லாத, தீங்கு செய்யாத பொருளாக்கி, செல்லின் நுண்குமிழிக்குள் போட்டு வைக்கிறது. பச்சைய மூலக்கூறு ஒவ்வொன்றிலும் நான்கு நைட்ரஜன் அணுக்கள் உண்டு. அந்த நான்கையும் மரம் திரும்ப எடுப்பதில்லை, இலையோடு விட்டுவிடுகிறது. புரதத்தில் உள்ளதைக் காப்பாற்ற இது கொடுக்கும் விலை. இதை முதலில் படித்தபோது எனக்குப் பெரிய வியப்பு.

சரி, சிவப்பு? அது ஆந்தோசயனின் என்ற நிறமி. கோடையில் அந்த இலையில் அது அநேகமாக இருந்திருக்காது. இன்னும் சில நாளில் உதிரப்போகிற இலை, கையில் இருக்கும் சர்க்கரையைச் செலவழித்துப் புதிதாகச் செய்கிறது. அதற்கு வெளிச்சமும் வேண்டும். அதனால்தான் என் கையிலிருந்த இலையில் நிழல் விழுந்த இடம் மஞ்சளாகவே நின்றது.

ஏன் செய்கிறது என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்னும் விவாதம் இருக்கிறது. வில்லியம் ஹாமில்டனும் சாம் பிரௌனும் எழுதி 2001இல் வெளியான கட்டுரையில், முட்டையிட வரும் அசுவினி போன்ற பூச்சிகளுக்கு மரம் காட்டும் எச்சரிக்கை இது என்றார்கள். அழகான யோசனைதான். ஆனால் எனக்கு நம்பிக்கை தருவது மற்றொன்று: சிவப்பு ஒரு வெயில் மறைப்பு. ஒளிச்சேர்க்கை இயந்திரம் பாதி பிரித்துக் கிடக்கும்போது சுள்ளென்ற வெயில் ஆபத்து. ஆந்தோசயனின் அதில் ஒரு பகுதியைத் தடுத்து, நைட்ரஜனைத் திருப்பி அனுப்ப அவகாசம் தருகிறது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் செய்து 2003இல் வெளியான சோதனையில், ஆந்தோசயனின் செய்ய முடியாத செடிகள் கடும் வெளிச்சத்தில் நைட்ரஜனைக் குறைவாகவே மீட்டன.

நம் ஊர் மாந்தளிரும் இதே நிறமியால்தான் சிவக்கிறது. அங்கே இயந்திரம் இன்னும் பூட்டி முடியாத பருவம், இங்கே கழற்றி முடியாத பருவம். உதிர்வதற்கு முன் சிவக்கும் நாட்டு வாதுமை இலையைப் பார்த்தவர்களுக்கு மேப்பிள் அவ்வளவு அந்நியமில்லை.

எந்த வருடம் நிறம் நன்றாக வரும் என்பதையும் இதிலிருந்தே சொல்லிவிடலாம். பகலில் நல்ல வெயிலும், இரவில் உறையாத அளவுக்குக் குளிரும் வேண்டும். வெயில் சர்க்கரையைத் தரும். குளிர் அது இலையை விட்டு வெளியேறும் வேகத்தைக் குறைக்கும். தேங்கிய சர்க்கரை சிவப்பாகும். வானம் நாள் கணக்கில் மூடிக்கிடந்தால் சிவப்பு மங்கும். கடும் உறைபனி சீக்கிரம் விழுந்தால் செல்கள் செத்து இலை பழுப்பாகிவிடும். வறட்சி என்றால் நிறம் காட்டாமலே பல இலைகள் கொட்டிவிடும்.

இதற்கிடையில் காம்பு கிளையோடு சேரும் இடத்தில் செல்களின் ஒட்டுதல் தளர்ந்துகொண்டே வருகிறது. உள்பக்கம் தக்கை போன்ற படலம் உருவாகிக் காயத்தை முன்கூட்டியே மூடிவிடும். அப்புறம் ஒரு காற்றுப் போதும். பீச் (beech) போன்ற சில மரங்கள் மட்டும், அதிலும் இளமரங்கள், காய்ந்த இலைகளைப் பனிக்காலம் முழுக்க விடாமல் வைத்திருக்கும்.

இப்படி நிறம் மாறுவதைத் தமிழில் நாம் ‘இலை பழுத்துவிட்டது’ என்கிறோம். பழம் பழுப்பதும் இலை பழுப்பதும் திட்டமிட்டு நடக்கிற வேலைகள். இரண்டிலும் எத்திலீன் என்ற வாயுவுக்குப் பங்குண்டு.

ஆற்றோரத்தில் இலை உதிர்ந்த ஒரு மேப்பிள் குச்சியை வளைத்துப் பார்த்தேன். காம்பு இருந்த இடத்தில் சின்ன வடு, உலர்ந்து மூடியிருந்தது. அதற்கு நேர் மேலே பழுப்பு நிறத்தில் கூரான ஒரு மொட்டு. அடுத்த மே மாதத்து இலை அதற்குள் மடிந்திருந்தது.