அமெரிக்க கவுன்ட்டி ஜெயில்ல நாள் கணக்கு எப்படி வேலை செய்யுது

அமெரிக்காவுல ஒருத்தரை போலீஸ் கைது பண்ணா பொதுவா முதல்ல கொண்டுபோற இடம் கவுன்ட்டி ஜெயில், கவுன்ட்டின்னா நம்ம மாவட்டம் மாதிரி ஒரு பிரிவு. வருஷக்கணக்குல தண்டனை வாங்கினவங்க போற மாநிலச் சிறை வேற, இது வேற. நாடு முழுக்க மூவாயிரத்துக்கும் மேல கவுன்ட்டி இருக்கு, பெரும்பாலான இடத்துல ஜெயிலை நடத்துறவரு ஷெரிஃப்ங்கற கவுன்ட்டி போலீஸ் தலைவர், அவரு அந்த ஊர் மக்கள் ஓட்டுப் போட்டு வர்றவரு, செலவுல பெரும்பகுதி அந்த மக்களே கட்டுற சொத்து வரி மாதிரி உள்ளூர் வரியில இருந்துதான் போகுது. 2022 நடுவுல எடுத்த கணக்குல இந்த உள்ளூர் ஜெயில்கள்ல இருந்தவங்க சுமார் 6,63,000 பேர், அதுல 70 சதவீதம் பேருக்கு இன்னும் தீர்ப்பே வரல. அப்படி தீர்ப்பு வராதவங்களை தண்டிக்கற நோக்கத்துல எதுவும் செய்யக்கூடாதுன்னு 1979-லயே பெல் எதிர் வுல்ஃபிஷ் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, இதை மனசுல வச்சுக்கிட்டுதான் மத்த எல்லாத்தையும் பாக்கணும்.

அந்த 6,63,000 ஒரே ஒரு நாளோட கணக்கு. அந்த ஒரு வருஷத்துல ஜெயிலுக்குள்ள போனது மொத்தம் சுமார் 73 லட்சம் தடவை, அதாவது ஒரு நாளைக்கு ஏறக்குறைய 20,000. தண்ணித் தொட்டில ஒரு பக்கம் குழாய் திறந்திருக்கு, இன்னொரு பக்கம் வெளிய போயிட்டு இருக்கு, நடுவுல எவ்வளவு நிக்குதுன்னு கேட்டா எவ்வளவு வேகமா வருது, எவ்வளவு நேரம் உள்ள தங்குது, இந்த ரெண்டையும் பெருக்கினா போதும். இதை 1961-ல ஜான் லிட்டில் கணக்கு போட்டு நிரூபிச்சார், லிட்டில் விதின்னே பேரு. ஒரு தடவை உள்ள போனவங்க சராசரியா இருந்த நாள் 32, இருபதாயிரத்தை 32-ஆல பெருக்கினா 6,40,000 வருது, ஜெயில்ல இருந்த கூட்டத்துக்குப் பக்கத்துலயே நிக்குது பாருங்க. சொல்லப்போனா அந்த 32-ங்கற சராசரியையே அமெரிக்க நீதித்துறையோட புள்ளிவிவரப் பிரிவு இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டுத்தான் எடுக்குது.

ஆனா சராசரியை மட்டும் நம்பினா ஏமாந்துடுவோம். ஒரு உதாரணத்துக்கு நூறு பேர் உள்ள வர்றாங்க, 80 பேர் ரெண்டே நாள்ல வெளிய, மிச்ச 20 பேர் 150 நாள் இருக்காங்கன்னு வச்சுக்கோங்க. சராசரி கிட்டத்தட்ட அதே 32-தான் வரும், ஆனா எல்லாரும் உள்ள இருந்த மொத்த நாள்ல 95 சதவீதம் அந்த 20 பேரோடது. ஜெயில் நிரம்பி வழியுதுன்னா நிறைய பேரை பிடிக்கறாங்கன்னு மட்டும் அர்த்தம் இல்ல, யாரோ சிலரோட கேஸ் நகராம கிடக்குதுன்னும் இருக்கலாம், புதுசா ஒரு கட்டடம் கட்டறதுக்கு முன்னாடி அதைத்தான் முதல்ல பாக்கணும்னு நான் நினைக்கறேன்.

சரி, உள்ள வர்றவருக்கு என்ன நடக்கும்? புக்கிங்னு சொல்வாங்க. உடம்பைத் தடவி சோதனை, பணம் பர்ஸ் பெல்ட் எல்லாம் எண்ணி பைல போட்டு சீல் வச்சு கையெழுத்து, கைரேகை, போட்டோ, வேற ஊர்ல வாரன்ட் இருக்கான்னு கம்ப்யூட்டர்ல தேடறது, அப்புறம் நர்ஸ் வந்து கேள்வி கேப்பாங்க. வாரன்ட் இல்லாம கைது பண்ணியிருந்தா அதுக்கு போதுமான காரணம் இருக்கான்னு பொதுவா 48 மணி நேரத்துக்குள்ள ஒரு ஜட்ஜ் பாத்து சொல்லணும், இது 1991-ல ரிவர்சைடு கவுன்ட்டி வழக்குல வந்த தீர்ப்பு.

அந்த நர்ஸ் கேக்கற கேள்விதான் முழு ஜெயில்லயும் முக்கியமான இடம்னு சொல்லுவேன். தினமும் குடிச்சவருக்கு திடீர்னு குடி நின்னா ஆறு மணி நேரத்துலயே கை நடுங்க ஆரம்பிக்கலாம், முதல் ரெண்டு நாளுக்குள்ள வலிப்பு வரலாம், ரெண்டு மூணு நாள்ல புத்தி பேதலிச்சு ஜுரம் ஏறி உயிரே போகலாம். மூளை அத்தனை வருஷமா மதுவோட அமுக்கத்துக்கு எதிரா தன்னை முறுக்கேத்தி வச்சிருக்கும், மது நின்னதும் அந்த முறுக்கைப் பிடிச்சு வைக்க ஆள் இல்ல, அதான் காரணம். அதனால குடிச்சீங்களா, கடைசியா எப்போன்னு ஒழுங்கா கேட்டு, நாலஞ்சு மணி நேரத்துக்கு ஒருக்கா பாத்து, அறிகுறி எவ்வளவுன்னு மார்க் போட்டு மருந்து கொடுத்தா தப்பிச்சுடுவாங்க, போதையில உளறறான்னு செல்லுல தள்ளிட்டுப் போனா இல்ல. இன்னொரு ஆபத்து தற்கொலை. 2019-ல உள்ளூர் ஜெயில்கள்ல இறந்த 1,200 பேர்ல 355 பேர் தற்கொலை, தனித்த காரணம்னு பாத்தா அதுதான் முதல் இடம், அதுவும் உள்ள வந்த முதல் சில நாள் ரொம்ப ஆபத்தானது, வேலை போச்சு வீடு போச்சு குழந்தைங்க எங்கன்னு எதுவும் தெரியாம உக்காந்திருக்கற நேரம் அது.

அதுக்கப்புறம் கிளாசிஃபிகேஷன், யாரை யாரோட வைக்கறதுன்னு முடிவு பண்றது. குற்றச்சாட்டு எவ்வளவு பெருசு, முன்னாடி உள்ள சண்டை போட்டிருக்காரா, தப்பிக்கப் பாத்தாரா, உடம்பு மனசு எப்படி, இதெல்லாம் வச்சு பிரிப்பாங்க. கட்டடமும் இதுல பெரிய பங்கு வகிக்குது. பழைய ஜெயில்ல நீள வராண்டா, ரெண்டு பக்கமும் கம்பி, காவலர் அப்பப்ப நடந்து போகும்போது மட்டும்தான் பாக்க முடியும், அவர் திரும்பினதும் உள்ள பலசாலிதான் ராஜா. கலிஃபோர்னியாவுல கான்ட்ரா கோஸ்டா கவுன்ட்டி 1981-ல மார்ட்டினெஸ் ஊர்ல திறந்த ஜெயில்ல இதை மாத்தினாங்க, நடுவுல ஒரு ஹால், சுத்தி அறைகள், காவலர் கம்பிக்குப் பின்னாடி இல்லாம கைதிகளோடயே ஹால்ல இருப்பார், சண்டை வர்றதுக்கு முன்னாடியே அவருக்கு வாசனை தெரிஞ்சிடும். இப்போ நிறைய கவுன்ட்டி இந்த வழிக்கு வந்துடுச்சு. சமையல், துணி துவைக்கறதுல நிறைய வேலை கைதிகளே பாக்கறது, கேன்டீன், வீடியோல குடும்பத்தைப் பாக்கறது எல்லாம் ஊருக்கு ஊர் மாறும்.

இப்போ மறுபடி நாள் கணக்குக்கு வரேன். தங்கற நாளை நீட்டுறது என்ன? ஒண்ணு, ஜாமீன் பணம் கட்ட முடியாதது, சின்ன கேஸுக்குக்கூட கையில காசு இல்லாதவர் உள்ளயே கிடப்பார், வேலை போகும், அப்புறம் வெளிய போனா போதும்னு குற்றத்தை ஒத்துக்குவார். இல்லினாய் மாநிலம் 2023 செப்டம்பர் 18-ல இருந்து பண ஜாமீனையே எடுத்துடுச்சு, முழு மாநிலமா அப்படிச் செஞ்சது அதுதான் முதல். ரெண்டாவது, மனநோய். வழக்கு என்னன்னே புரியாத நிலையில இருக்கறவரை விசாரிக்கக் கூடாது, சிகிச்சை கொடுத்து தெளிய வைக்கணும், ஆனா அரசு மனநல ஆஸ்பத்திரில படுக்கை கிடைக்கற வரைக்கும் அவர் ஜெயில்லயேதான் காத்திருப்பார். லாஸ் ஏஞ்சலஸ் ட்வின் டவர்ஸ் ஜெயிலும் சிகாகோ குக் கவுன்ட்டி ஜெயிலும் நாட்டோட மிகப் பெரிய மனநல நிலையங்கள்னு சொல்ற நிலைமைக்கு வந்ததுக்கு இதுவும் ஒரு காரணம், இது எனக்கு உண்மையிலயே வேதனையா இருக்கு. மூணாவது, கோர்ட்டு தேதியை மறந்து போறது, மறந்தா வாரன்ட், வாரன்ட்னா மறுபடி ஜெயில். நியூயார்க் நகரத்துல சின்ன குற்றத்துக்கு சம்மன் வாங்கினவங்களுக்கு எஸ்எம்எஸ்ல நினைவூட்டினதும் வராம போறவங்க 21 சதவீதம் குறைஞ்சாங்க, சம்மன் பேப்பரைப் புரியற மாதிரி மாத்தி அச்சடிச்சதுக்கே 13 சதவீதம் குறைஞ்சுது, 2020-ல வந்த ஆய்வு இது.

கடைசியா வெளிய அனுப்பறது. ஹெராயின், ஃபென்டனில் மாதிரி போதை மருந்து எடுத்தவர் சில வாரம் உள்ள இருந்தா உடம்போட தாங்கற சக்தி இறங்கிடும், ஆசை மட்டும் இறங்காது, வெளிய வந்து பழைய அளவையே போட்டா மூச்சு நின்னுடும். அதைத் தடுக்க அந்த ஆசையை அடக்கற மெத்தடோன், புப்ரெனார்ஃபின் மாதிரி மருந்தை உள்ளயே ஆரம்பிச்சு வெளியயும் தொடரணும். ஆனா ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் காப்பீடு 1965-ல வந்தப்பவே ஜெயில்ல இருக்கறவங்களுக்குப் பணம் தராதுன்னு விதி வச்சிட்டாங்க, அதனால செலவுல பெரும்பகுதி கவுன்ட்டி தலையில. விடுதலைக்கு முந்தின 90 நாளுக்கு மெடிக்கெய்ட் கொடுக்கலாம்னு 2023 ஜனவரில கலிஃபோர்னியாவுக்குத்தான் முதல் அனுமதி கிடைச்சுது. ஜெயிலும் சிறையும் ஒரே நிர்வாகமா இருக்கற ரோட் ஐலண்ட் மாநிலம் 2016 நடுவுலயே இந்த மருந்துகளை உள்ள கொடுக்க ஆரம்பிச்சுது, அந்த வருஷத்தோட முதல் பாதில போதை மருந்து அளவு மீறி இறந்தவங்கள்ல சமீபத்துல உள்ள இருந்து வந்தவங்க 26 பேர், 2017 முதல் பாதில அது 9.