என்எல்ஆர்பி3: அளவு மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள்

மேக்ரோஃபேஜ் என்ற நோயெதிர்ப்புச் செல்லில் என்எல்ஆர்பி3 புரதத்தின் அளவு கூடியிருப்பதை வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை எடைவாரியாகப் பிரித்துப் பட்டைகளாகக் காட்டும் சோதனை) பார்த்ததுமே, அழற்சியைத் தூண்டும் புரதக் கூட்டமைப்பான இன்ஃப்ளமசோம் இயங்கிவிட்டதாக எழுதிவிடுகிறார்கள். பாக்டீரியாவின் மேலுறைப் பொருளான எல்பிஎஸ் கொடுத்தால், மரபணுக்களை இயக்கும் என்எஃப்-கப்பா பி வழியாக அந்தப் புரதமும், அழற்சிச் சைகைப் புரதமான இன்டர்லூகின்-1பீட்டாவின் முன்வடிவமும் பெருகும், அவ்வளவே. பெருகிய புரதம் வேலையில் இறங்குமா என்பது அதன்மேல் ஏறியிருக்கும் வேதிக்குழுக்களைப் பொறுத்தது.

சும்மா இருக்கும் என்எல்ஆர்பி3 மீது யுபிக்விட்டின் என்ற சிறு புரதத்தின் சங்கிலிகள் இருக்கும். பிஆர்சிசி3 நொதி அவற்றைக் கழற்ற வேண்டும். அப்போதுதான் இன்ஃப்ளமசோமின் மற்ற உறுப்புகள், அதாவது இணைப்புப் புரதமான ஏஎஸ்சியும் இன்டர்லூகின் முன்வடிவத்தை வெட்டும் காஸ்பேஸ்-1உம், திரளும். புதுப் புரதம் உருவாகும்வரை இது காத்திருப்பதில்லை: 10 நிமிட எல்பிஎஸ்ஸிலேயே தொடங்கிவிடும். பாஸ்பேட் விஷயம் இன்னும் சிக்கல். மனிதப் புரதத்தின் 198ஆம் இடத்திலுள்ள செரின் அமினோ அமிலத்தில் ஜேஎன்கே1 நொதி பாஸ்பேட்டை ஏற்றினால் வழி திறக்கிறது. 295ஆம் செரினில் பிகேஏ நொதி ஏற்றினால் அடங்குகிறது. அதே 295இல் பிகேடி என்ற வேறு நொதி ஏற்றினால் இயக்கம் தூண்டப்படுவதாகவும் ஆய்வு உண்டு! ஆகவே ‘பாஸ்பேட் ஏறியது’ என்று மட்டும் சொன்னால் ஒன்றும் சொன்னதாகாது. எந்த இடம், எந்த நொதி, எந்த நேரம் என்று கேளுங்கள்.

இந்தக் குழுக்களை அளப்பதில்தான் பாதிப் பேர் சறுக்குகிறார்கள். செல்லை உடைத்த பிறகும் நொதிகள் ஓயாது, யுபிக்விட்டினைக் கழற்றிக்கொண்டே இருக்கும். அதைத் தடுக்க, செல்லை உடைக்கும் கரைசலான பஃபரில் 10 மில்லிமோலார் என்-எத்தில்மேலிமைடு சேர்ப்பது வழக்கம். அதை அன்றன்றைக்குக் கரைக்க வேண்டும், நீரில் சிதைந்துவிடும். பஃபரில் டிடிடி (டைதயோத்ரைட்டால்) இருந்தால் அதனுடனேயே வினைபுரிந்து வீணாகும். முக்கியமானது வேறு: இந்த மருந்து சிஸ்டீன் நொதிகளைத்தான் முடக்கும். பிஆர்சிசி3 துத்தநாகத்தை நம்பி இயங்குவது, அதற்கு இடிடிஏ போன்ற உலோகப் பிணைப்பியும் வேண்டும். பாஸ்பேட்டைக் காக்க சோடியம் ஃபுளோரைடும் ஆர்த்தோவனடேட்டும். எல்லாம் ஐஸ் மேல்.

எல்பிஎஸ்ஸுக்குப் பிறகு என்எல்ஆர்பி3-ஐத் தூண்டும் கட்டத்திலும் ஒரு பொறி: அதற்குக் கொடுக்கும் ஏடிபி கரைசல் அமிலத்தன்மை கொண்டது. 5 மில்லிமோலார் அளவில் செல்லுக்குக் கொடுக்கும் முன் பிஎச் 7.4க்குக் கொண்டுவராவிட்டால், செல் எதனால் செத்தது என்றே தெரியாது. ஆன்டிபாடியால் புரதத்தை அளக்கும் எலைசா சோதனையில் இன்டர்லூகின்-1பீட்டா உயர்ந்தாலும் உடனே நம்ப வேண்டாம். பல எலைசாக்கள் முன்வடிவத்தையும் ஓரளவு பிடிக்கும், செத்த செல் அதையும் கசியவிடும். செல்களுக்கு மேலுள்ள திரவத்தை வெஸ்டர்ன் பிளாட்டில் ஓட்டி, வெட்டப்பட்ட இன்டர்லூகினின் 17 கிலோடால்டன் பட்டை தெரிகிறதா என்று பாருங்கள், முன்வடிவத்தின் எடையான 31இல் மட்டும் தெரிந்தால் அது வெறும் கசிவு. என்எல்ஆர்பி3-ஐத் தடுக்கும் எம்சிசி950 சேர்த்த செல்தட்டுக் குழி ஒன்றையும் பக்கத்தில் வையுங்கள். அதிலும் 17 குறையவில்லையென்றால் காரணம் என்எல்ஆர்பி3 அல்ல, வேறு இன்ஃப்ளமசோமைத் தேட வேண்டும்.