மிக்ஸியை வைத்து வரைந்த மரபணு வரைபடம்

ஈ.கோலை பாக்டீரியாவின் மரபணு வரைபடத்தில் தூரத்தை நிமிடக் கணக்கில்தான் சொல்வார்கள். முழுச் சுற்று 100 நிமிடம். 1950களின் நடுவில், பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் எலி வோல்மானும் பிரான்சுவா ஜாக்கோபும் செய்த சோதனையிலிருந்து வந்த கணக்கு இது.

பாக்டீரியாக்கள் இணைந்து மரபணுக்களைக் கலந்துகொள்ளும் என்பதை 1946இலேயே லெடர்பெர்க்கும் டேட்டமும் காட்டியிருந்தார்கள். ஹெச்எஃப்ஆர் என்ற ஈ.கோலை ரகம் தன் டிஎன்ஏவை ஒரு குறிப்பிட்ட இடத்தில் தொடங்கி, ஊசிக் காதில் நூல் நுழைவதுபோலப் பக்கத்து செல்லுக்குள் செலுத்தும். சரி, பாதியில் பிரித்துவிட்டால்? அதுவரை நுழைந்த மரபணுக்கள் மட்டும்தானே உள்ளே இருக்கும்!

கொடுக்கும் ஹெச்எஃப்ஆர் ரகத்தையும் வாங்கும் ரகத்தையும் 37 டிகிரி சூட்டில் கலந்தார்கள். சில நிமிடங்களுக்கு ஒருமுறை கொஞ்சம் எடுத்துச் சமையலறை மிக்ஸியில் போட்டுச் சுற்றினார்கள். ஜோடிகள் பிரிந்தன, செல்கள் சாகவில்லை.

அடுத்து வருவதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம். பிரித்த செல்களை வளர்த்த தட்டில் ஸ்ட்ரெப்டோமைசின் உண்டு. திரியோனின், லியூசின் என்ற அமினோ அமிலங்கள் கிடையாது. கொடுத்த செல்லை மருந்து கொன்றுவிடும். வாங்கும் செல்லுக்கு மருந்தைத் தாங்கத் தெரியும், ஆனால் அந்த இரண்டையும் சுயமாகத் தயாரிக்கத் தெரியாது. ஆக, அவற்றைத் தயாரிக்கும் மரபணுக்களைப் பெற்ற செல் மட்டுமே பெருகிப் புள்ளியாகக் கண்ணுக்குத் தெரியும். கோடிக்கணக்கான செல்களில் வேண்டியதைத் தட்டே பொறுக்கித் தந்துவிடுகிறது.

அப்படிக் கிடைத்தவற்றில் வேறு என்னென்ன வந்திருக்கிறது என்று பார்த்தார்கள். திரியோனின், லியூசின் மரபணுக்கள் நுழைய ஏறக்குறைய 8 நிமிடம். அசைடு நஞ்சைத் தாங்கும் மரபணு 9ஆவது நிமிடம். டி1 வைரஸைத் தாங்குவது 10, 11 வாக்கில். பால் சர்க்கரையைச் செரிக்கும் மரபணுவுக்கு 18, காலக்டோஸ் மரபணுவுக்கு 25 நிமிடம். நுழைந்த நேரமே இருப்பிடத்தைக் காட்டிவிட்டது.

வெவ்வேறு ஹெச்எஃப்ஆர் ரகங்களில் செய்தபோது தொடக்க இடம் மாறியது, சிலவற்றில் திசைகூடத் திரும்பியது. ஆனால் யார் பக்கத்தில் யார் என்பது மாறவில்லை. முனைகளே இல்லாத வளையமாக இருந்தால்தான் இது பொருந்தும். 1963இல் ஜான் கெய்ன்ஸ் அந்த வளையத்தைப் படமாகவே பிடித்துக் காட்டினார். 1997இல் ஈ.கோலையின் டிஎன்ஏ முழுவதையும் படித்து முடித்தபோது சுமார் 46 லட்சம் கார இணைகள் (டிஎன்ஏ ஏணியின் படிகள்) இருந்தன. அதாவது ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 46,000.