மேய மேய வளரும் புல்

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து என்-2 நெடுஞ்சாலையில் வடக்கே போனால், டொங்காட், ஸ்டாங்கர் தாண்டியும் வெகுதூரத்துக்குக் கரும்புதான். 1860-இல் மதராஸிலிருந்து கப்பலேறி வந்தவர்களில் தொடங்கி, தலைமுறை தலைமுறையாகத் தமிழர் கைகளை அறுத்த தோகை இது. கரும்பும் ஒரு புல்தான். அதன் தோகை விளிம்பு கத்திபோல் கிழிப்பதற்குக் காரணம் இலைக்குள் படிந்திருக்கும் சிலிக்கா, அதாவது மணலில் இருக்கும் அதே பொருள். மண்ணிலிருந்து நீரோடு சேர்த்து உறிஞ்சி, நுண்ணிய துகள்களாக இலையில் படியவைத்துக்கொள்கிறது. தன்னைத் தின்ன வருபவர்களுக்கு எதிராகப் புல் வைத்திருக்கும் ஆயுதம் அது.

அதே சாலையில் இன்னும் மேலே போய், ம்டுபடூபா பிரிவில் இடப்பக்கம் திரும்பி நியலாசி வாயிலில் நுழைந்தால், அந்த ஆயுதத்தைப் பகலும் இரவுமாக மென்று தின்னும் விலங்கின் ஊர் வந்துவிடும். ஹ்லுஹ்லுவே-இம்ஃபோலோசி பூங்கா 1895-இல் காப்பகமாக அறிவிக்கப்பட்ட காடு. பரப்பு சுமார் 960 சதுர கிலோமீட்டர். தென்பகுதி வெள்ளைக் காண்டாமிருகம் 19-ஆம் நூற்றாண்டின் முடிவில் உலகில் மிஞ்சியிருந்தது இங்கு மட்டும்தான், அதுவும் 100-க்கும் குறைவாக. இன்று எந்த நாட்டு மிருகக்காட்சிசாலையில் இந்த வகையைப் பார்த்தாலும் அதன் பாட்டன் பூட்டன் இந்தக் காட்டுக்காரர்தான்.

வெள்ளை என்பது பெயரளவில்தான். இதுவும் சாம்பல் நிறம், கறுப்புக் காண்டாமிருகமும் சாம்பல் நிறம். அகலம் என்று பொருள்படும் டச்சுச் சொல்லை ஆங்கிலேயர் வெள்ளை என்று தவறாகக் கேட்டுக்கொண்டார்கள் என ஒரு கதை உண்டு. சுற்றுலா வழிகாட்டிகளுக்குப் பிடித்த கதை, ஆனால் ஆதாரம் கிடையாது. இந்தப் பகுதி மக்களின் சூலு மொழி இந்தக் குழப்பமே இல்லாமல் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறது: புல் மேய்வது உம்கோம்பே, செடி கடிப்பது உபெஜானே.

உம்கோம்பேயின் உடம்பே மேய்ச்சலுக்காக அமைந்தது. வளர்ந்த ஆண் 2 டன்னுக்கு மேல் எடை இருக்கும். நீண்ட தலை தரையை நோக்கித் தொங்கும். அந்தப் பாரத்தை நாள் முழுக்கத் தாங்க, கழுத்துக்குப் பின்னால் திமில்போல் தசையும் தசைநாரும் திரண்டிருக்கும். வாயின் முன்புறத்தில் பல்லே கிடையாது. கடித்து இழுக்கும் வேலை முழுவதும் உதட்டுக்குத்தான். சதுரமாகவும் கடினமாகவும் இருக்கும் அந்த உதடு கிட்டத்தட்ட 20 சென்டிமீட்டர் அகலம். இரண்டு விரற்கடை உயரமே உள்ள புல்லைக்கூட அது தரையோடு தரையாக வழித்தெடுக்கும். தலையை இடமும் வலமும் மெல்ல ஆட்டிக்கொண்டே முன்னே நகர்வதால் மேய்ந்த இடம் முடிவெட்டியதுபோல் சமமாக இருக்கும். பறித்த புல்லைக் கடைவாயில் உள்ள 24 பற்கள் அரைக்கின்றன. சிலிக்கா இந்தப் பற்களைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறது. அதற்கு ஈடாகவே பல்லின் முகடு மிக உயரமாக வளர்ந்திருக்கிறது, தேயத் தேய மிச்சம் இருக்கும். மிகவும் வயதான காண்டாமிருகம் மெலிவதற்கு நோய் மட்டுமே காரணமல்ல. பல் மட்டமாகிவிட்டால் வயிறு நிறையப் புல் இருந்தும் அது பசியில்தான் கிடக்கும்.

அடுத்தது குடல். அதே காட்டில் மேயும் காட்டெருமை நம்மூர் மாட்டைப் போல அசைபோடும் விலங்கு. நான்கு அறை இரைப்பையில் முன்னதாகவே நுண்ணுயிர்கள் புல்லைப் புளிக்கவைக்கின்றன. பிறகு அந்த நுண்ணுயிர்களையும் எருமை செரித்துக்கொள்வதால் புரதம் வீணாவதில்லை. ஆனால் புல் பொடிப்பொடியாகும்வரை அது அடுத்த அறைக்குப் போகாது. முற்றிய, நார் மிகுந்த புல்லைத் தின்றால் முதல் அறையிலேயே தேங்கிவிடும், வயிறு நிறைந்தே இருக்கும், மேற்கொண்டு தின்ன முடியாது. காண்டாமிருகம் குதிரையின் தூரத்து உறவு. அதன் புளிப்புத் தொட்டி குடலின் பின்பகுதியில், பெருங்குடலிலும் அதன் தொடக்கத்தில் உள்ள பையிலும் இருக்கிறது. வரிக்குதிரைக்கும் அப்படியே. நார் முழுதாகச் செரிக்காவிட்டாலும் பரவாயில்லை என்று தள்ளிவிட்டு அடுத்த வாயைத் தின்னலாம். நுண்ணுயிர்ப் புரதத்தில் பெரும்பகுதி சாணத்தோடு வெளியே போய்விடுவது இதன் நஷ்டம்.

இந்த நஷ்டத்தைத் தாங்கும் வழி பருமன்தான். உடல் எடை இரு மடங்கானால் குடலின் கொள்ளளவும் ஏறத்தாழ இரு மடங்காகும். ஆனால் தேவைப்படும் ஆற்றல் சுமார் 1.7 மடங்குதான் கூடும். அதனால் ஒரு கிலோ உடம்புக்கு ஆகும் செலவு பெரிய விலங்குக்குக் குறைவு. சத்தில்லாத புல்லைக்கூட நிறையத் தின்று காலம் ஓட்டலாம். இம்பாலா மானால் அது ஆகாது. கொஞ்சமாகத் தின்றாலும் கொழுந்தாகத் தேடித் தின்ன வேண்டும்.

சாணத்தைப் பார்த்தே எந்தக் காண்டாமிருகம் என்று சொல்லிவிடலாம். வெள்ளையுடையது காய்ந்தபின் கருத்து, உடைத்தால் வெறும் புல் நாராக உதிரும். கறுப்பினுடையதில் குச்சித் துண்டுகள் இருக்கும். ஒவ்வொன்றும் கத்தரிக்கோலால் சாய்த்து நறுக்கியதுபோல் 45 பாகையில் வெட்டுப்பட்டிருக்கும்.

இனி புல்லின் பக்கம். ஆட்டமே அங்கேதான் இருக்கிறது. இந்தக் காட்டில் புல் இரண்டு விதமாக வாழ்கிறது. ஒன்று குத்துக்குத்தாக இடுப்பளவு நிமிர்ந்து வளர்வது. ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் ரூய்கிராஸ், அதாவது செம்புல் என்று சொல்லப்படும் தெமேடா இந்த வகை. தண்டு உயர உயர அதன் வளர்நுனியும் மேலே ஏறிவிடும். யாராவது கடித்தால் முதலில் போவது அந்த நுனிதான். மறுபடி மறுபடி கடிபட்டால் குத்து செத்துவிடும். இன்னொரு வகை தரையோடு படர்வது. இதற்கு அறிமுகமே தேவையில்லை, பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல் இந்த வகைதான். ஆப்பிரிக்கப் புல்வெளிகளிலும் அதே அருகு வளர்கிறது. மணமக்களை வாழ்த்தும்போது ‘ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி’ என்கிறோமே, அந்த வேரோட்டம்தான் சூட்சுமம். தண்டு மண்ணை ஒட்டியே ஓடும், கணுவுக்குக் கணு வேர்விடும், வளர்நுனி எந்த உதட்டுக்கும் எட்டாத தாழ்வில் இருக்கும். இலையை எத்தனை முறை வழித்தாலும் புது இலை வரும்.

அப்படியானால் படர்புல் ஏன் காடெங்கும் பரவவில்லை? வெயில் வேண்டும். மேய்ச்சல் இல்லாத இடத்தில் செம்புல் நிமிர்ந்து நிழல் விழச்செய்யும், நிழலில் படர்புல் தோற்றுவிடும். காண்டாமிருகம் ஓரிடத்தைத் தொடர்ந்து வழித்தால் செம்புல் சாகும், வெளிச்சம் தரைக்கு வரும், படர்புல் பாய் விரிக்கும். அதில் தண்டும் வைக்கோலும் குறைவு, இளம் இலையே அதிகம், சோடியமும் கூடுதல். ருசி கண்ட காண்டாமிருகம் மறுபடி அங்கேயே வரும். கூடவே காட்டுமாடுகளான வில்டபீஸ்டும் இம்பாலாவும் காட்டுப்பன்றியும் வந்து சேரும். குளம்புகள் மிதிப்பதால் மண் இறுகி மழைநீர் உள்ளே இறங்குவது குறையும். அந்த வறட்சியைத் தாங்குவதிலும் செம்புல்லைவிடப் படர்புல்லே கெட்டி. மேய்வதால் மேய்ச்சல் தரை உண்டாகிறது, மேய்ச்சல் தரை இருப்பதால் மேய்ச்சல் தொடர்கிறது. இவ்வாறு உருவாகும் குட்டைப்புல் திட்டுகள் பூங்காவின் சாலையோரங்களிலேயே கண்ணில் படும், கிரிக்கெட் மைதானத்தின் ஒரு மூலையைப் பெயர்த்து வைத்ததுபோல.

இது வெறும் ஊகமல்ல. காண்டாமிருகங்களைப் பிடித்து வேறிடம் அனுப்பிய பகுதிகளையும் அனுப்பாத பகுதிகளையும் ஒப்பிட்டு வால்ட்ரம், பாண்ட், ஸ்டாக் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். மழை அதிகமுள்ள ஹ்லுஹ்லுவே பக்கத்தில், அவற்றை எடுத்த இடங்களில் புல் உயர்ந்துவிட்டது. வில்டபீஸ்டும் வரிக்குதிரையும் இருந்தும் அந்தத் திட்டுகளைக் காப்பாற்ற முடியவில்லை. மழை குறைந்த இம்ஃபோலோசி பக்கத்தில் அப்படி நடக்கவில்லை. அங்கே புல் அத்தனை வேகமாக வளராததால் மற்ற விலங்குகளே சமாளித்துவிடுகின்றன.

புல் உயர்ந்ததோடு விஷயம் முடியவில்லை. குட்டைப்புல் திட்டில் எரிய எதுவும் இல்லை, தீ வந்து முட்டினால் அணைந்துவிடும். திட்டுகள் போனபின் தீ தடையின்றி ஓடியது, எரிந்த பரப்பு பெரிதானது. தீயின் விளைவு அதோடும் நிற்பதில்லை. எரிந்த இடத்தில் சில வாரங்களில் பச்சைத் துளிர் வரும். மேய்விலங்குகள் பழைய திட்டை விட்டுவிட்டு அங்கே போகும். எரிந்த பரப்பு சிறிதானால் எல்லாம் அங்கே நெருங்கி மேய்ந்து இன்னொரு திட்டை உண்டாக்கலாம். பெரிதானால் ஆளுக்கொரு மூலையாகச் சிதறிவிடும், எந்த இடத்திலும் போதிய கடி விழாது, செம்புல்லே திரும்ப எழும். அதனால் பூங்காக்காரர்கள் வறண்ட காலத்தில் திட்டமிட்டு எரிக்கும்போது, எப்போது எரிக்கிறோம் என்பதோடு எவ்வளவு பரப்பை எரிக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஜூலை பள்ளி விடுமுறையில் டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்தும் ஃபீனிக்ஸிலிருந்தும் குடும்பம் குடும்பமாகக் கிளம்பி வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. அது இங்கே மழையில்லாக் குளிர்காலம். திட்டுகளில் புல் தீர்ந்து தரை தெரிய ஆரம்பித்திருக்கும். காண்டாமிருகம் முதலில் மரநிழலில் வளரும் கினிப்புல்லுக்கு நகரும், அதுவும் குறைந்தால் மலைச்சரிவுச் செம்புல்லுக்கு ஏறும். கோடையில் ருசிக்காத செம்புல் பஞ்சகால இருப்புபோல அப்போது கைகொடுக்கிறது. ஆகவே குளிர்காலத்தில் சரிவுகளையும் மரக்கூட்டங்களின் ஓரத்தையும் பாருங்கள். அதற்குக் கண்பார்வை மோசம், காதும் மூக்கும் கூர்மை. எஞ்சினை நிறுத்திவிட்டுப் பேசாமல் இருந்தால் வண்டியைப் பொருட்படுத்தாமல் மேயும். தாயும் கன்றும் நடந்தால் கன்று முன்னே போகும். கறுப்பில் கன்று தாயின் பின்னே வரும். குட்டி தாயின் மூக்குக்கு முன்னால் ஓடினால் அது உம்கோம்பே என்று தயங்காமல் சொல்லலாம்.

சாலையோரச் சாணக்குவியல்களையும் கவனியுங்கள். பல காண்டாமிருகங்கள் ஒரே இடத்தில் வந்து போடுவது அது. குவியலின் நடுவே சாணம் எத்திச் சிதறி, பின்னங்கால் கீறிய பள்ளம் இருந்தால், அந்த இடத்துச் சொந்தக்காரக் காளை வந்து போயிருக்கிறது. ஒவ்வொரு காளைக்கும் ஒன்றிரண்டு சதுர கிலோமீட்டர்தான் எல்லை. அதே எல்லைக்குள் அடங்கி வாழும் மற்ற ஆண்கள் சாணத்தைப் போட்டுவிட்டு அப்படியே போய்விடும், எத்தாது. சண்டையில் தோற்றுப் பட்டம் இழந்த காளையும் எத்துவதை விட்டுவிடும், சிறுநீரைப் பின்னோக்கிப் பீய்ச்சுவதையும் விட்டுவிடும். சாணத்தின் வாசனையிலிருந்தே ஆணா பெண்ணா, வயது என்ன, ஆண் எல்லைக்காரனா, பெண் சினைப்பருவத்தில் இருக்கிறதா என்பதெல்லாம் தெரிந்துவிடும் என்று இதே பூங்காவில் நடந்த ஆய்வு 2017-இல் வெளியானது. நம் ஊரில் டீக்கடை அறிவிப்புப் பலகை செய்யும் வேலை இங்கே சாணக்குவியலுக்கு.

வேலி போட்ட காட்டில் இந்த ஏற்பாடு சிக்கலாகிறது. வேலி இல்லாத காலத்தில் இளவட்டங்கள் வெளியே போய் வேறு இடம் பிடிக்கும். இப்போது போக வழியில்லை. எண்ணிக்கை கூடி, வறட்சியும் சேர்ந்தால் படர்புல்லே வேரோடு தேய்ந்து கட்டாந்தரையாகும், முதல் பெருமழையில் மண் அரித்துப் போகும். அதனால் பூங்கா நிர்வாகம் எல்லையோரப் பகுதிகளிலிருந்து மட்டும் விலங்குகளைப் பிடித்து வெளியே அனுப்பும் முறையைக் கையாண்டது. காலியான அந்த ஓரங்களுக்கு உள்ளிருந்து தாமாகவே மற்றவை நகரும், வேலியில்லாக் காலத்தில் நடந்ததுபோல. 1960-களில் வனப் பாதுகாவலர் இயன் பிளேயரும் நட்டால் பூங்கா வாரியமும் மயக்க ஊசித் துப்பாக்கியோடு தொடங்கிய இடமாற்றத்தால்தான் க்ரூகர் தேசியப் பூங்கா உட்பட மற்ற காடுகளுக்கு இவை திரும்பிப் போயின. செடிகளும் தொல்லை. தமிழ்நாட்டில் விடத்தேர் என்று சொல்லும் அதே முள்மரம் இங்கே புல்வெளிக்குள் புகுந்து அடர்கிறது. அதன் நிழலில் திட்டுப் புல் நிற்காது.

எல்லாவற்றையும்விடப் பெரிய சேதம் கொம்புக்காக நடக்கும் கள்ள வேட்டையால். 2023-இல் தென்னாப்பிரிக்காவில் கொல்லப்பட்ட காண்டாமிருகங்கள் 499. அவற்றில் 300-க்கும் மேற்பட்டவை இந்த ஒரே பூங்காவில். 2024-இல் இங்கே கொம்பு அகற்றத் தொடங்கினார்கள். மயக்க ஊசி போட்டு, கண்ணைக் கட்டி, காதை அடைத்து, சங்கிலி ரம்பத்தால் அறுப்பார்கள். கொம்பு நகத்தைப் போலக் கெரட்டினால் ஆனது என்பதால் வலி இருக்காது. ஆனால் அடிவரை அறுத்தால் உயிருள்ள வளர்திசு வெட்டுப்பட்டு இரத்தம் கசியும், பிறகு கொம்பு கோணலாக வளரும். ஆகவே அடியில் ஒரு முளையை விட்டுத்தான் வெட்டுகிறார்கள். அது மறுபடி வளர்வதால் ஒன்றரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வெட்ட வேண்டும். மயக்கம் தெளிந்து எழுந்த விலங்கு கொஞ்ச நேரத்தில் தலையைத் தாழ்த்தி மேயத் தொடங்கிவிடும். புல்லை வழிக்கும் உதட்டை யாரும் தொடவில்லை.