ஓடாத வருஷங்களும் கணக்கில் சேரும்

ஜெர்மனியில் வேலை பார்க்கும் நண்பன் போன மார்ச்சில் ஒரு விளம்பரத்தைப் படம் பிடித்து அனுப்பினான். 2012-ஆம் வருஷத்து டுகாட்டி டயாவெல் பைக். கறுப்பு நிறம், சிங்கிள் ஓனர், மொத்தமே 11,000 கிலோமீட்டர். கீழே ஒரே வரி: "வாங்கலாமாடா?"

அந்த ஊரில் இது அதிசயமான கணக்கில்லை. குளிர் தொடங்கியதும் பைக்கை ஷெட்டில் மூடி வைத்துவிட்டு வசந்தத்தில்தான் வெளியே எடுப்பார்கள். வருஷத்தில் சில மாதங்களுக்கு மட்டும் செல்லும் நம்பர் பிளேட்டே அங்கே உண்டு. நம்மவன் பார்வையில் அது புது வண்டி. நான் திருப்பிக் கேட்டேன்: "பெல்ட் எப்ப மாத்தினாங்கன்னு கேளு."

அவனுக்குக் கொஞ்சம் கோபம். ஓடாத வண்டிக்கு என்ன பெல்ட் என்றான். இந்தக் கட்டுரை அவனுக்குச் சொன்ன பதிலின் நீண்ட வடிவம்.

டயாவெல் என்றால் டுகாட்டியின் ஊரான பொலோஞ்ஞாவின் வட்டாரப் பேச்சில் பிசாசு. 2010 நவம்பரில் மிலான் கண்காட்சியில் காட்டினார்கள், அடுத்த வருஷம் விற்பனைக்கு வந்தது. உட்கார்ந்தால் க்ரூசர்: தாழ்ந்த சீட், நீண்ட உடம்பு, 240 மில்லிமீட்டர் அகலப் பின் டயர். ஆனால் உள்ளே இருப்பது 1198 என்ற ஸ்போர்ட்ஸ் பைக்கின் எஞ்சின் வழி வந்தது. 1,198 சிசி, ரெண்டே சிலிண்டர், 162 குதிரைத்திறன். எரிபொருளும் மற்ற திரவங்களும் இல்லாமல் எடை 210 கிலோ.

அந்த நீண்ட உடம்பு வெறும் அலங்காரமும் இல்லை. ஆக்ஸிலரேட்டரை முறுக்கினால் பின் டயர் தரை மட்டத்தில் வண்டியை முன்னால் தள்ளுகிறது. வண்டியின் எடை மையமோ தரைக்கு மேலே எங்கோ இருக்கிறது. கீழே தள்ள மேலே பின்தங்கும், அதனால் முன்சக்கரம் எழும்பப் பார்க்கும். எடை மையம் எவ்வளவு தாழ்வாக, பின்சக்கரத்துக்கு எவ்வளவு முன்னால் இருக்கிறதோ, அவ்வளவுக்கு முன்சக்கரம் தரையிலேயே இருக்கும். டயாவெலின் ரெண்டு சக்கரத்துக்கும் நடுவே கிட்டத்தட்ட 1.6 மீட்டர் இடைவெளி. ரேஸ் பைக் முன்சக்கரத்தைத் தூக்கித் திணறும் இடத்தில் இது அம்பு மாதிரி போவது அதனால்தான்.

சரி, எஞ்சினுக்கு வருவோம். பழைய டுகாட்டியில் காசு போவதும் இங்கேதான்.

பெட்ரோல் கலந்த காற்று உள்ளே வர ஒரு கதவு, புகை வெளியே போக ஒரு கதவு. இவைதான் வால்வுகள். தலைகீழாகப் பிடித்த காளான் போல, நீண்ட காம்பும் அடியில் வட்டத் தட்டுமாக இருக்கும். மேலே சுற்றும் கேம் என்ற முட்டை வடிவத் துண்டின் புடைத்த மூக்கு காம்பைத் தள்ளும்போது கதவு திறக்கும். மூடுவது? உலகத்தில் ஏறக்குறைய எல்லா பைக்கிலும் அது ஸ்பிரிங்கின் வேலை.

டயாவெல் உச்ச சக்தியைத் தருவது நிமிடத்துக்கு 9,500 சுற்றில். கேம் அதில் பாதி வேகத்தில் சுற்றும். அப்படியானால் ஒவ்வொரு வால்வும் வினாடிக்கு 79 தடவை திறந்து மூட வேண்டும். ஒரு தடவை திறந்து மூட ஏறக்குறைய 4 மில்லிவினாடி. இந்த வேகத்தில் ஸ்பிரிங் கேமின் பின்னால் ஓட முடியாமல் தவறினால், வால்வு கேமை விட்டுப் பிரிந்து அந்தரத்தில் நிற்கும். மூட வேண்டிய கதவு திறந்தே கிடக்க, கீழிருந்து பிஸ்டன் மேலே வரும். ஸ்பிரிங்கைத் தடிமனாக்கலாம்தான். ஆனால் அதை அழுத்தவே எஞ்சினின் சக்தி செலவாகும், கேமும் சீக்கிரம் தேயும். 1950-களின் எஃகு ஸ்பிரிங்குகள் உடையவும் செய்தன.

1954-இல் டுகாட்டியில் சேர்ந்த பொறியாளர் ஃபாபியோ தாலியோனி, ஸ்பிரிங்கை நம்புவதையே விட்டுவிட்டார். திறக்க ஒரு கேம், மூடவும் ஒரு கேம். கேமின் அசைவை வால்வுக்குக் கொண்டுபோகும் சின்ன நெம்புகோல்தான் ராக்கர். வால்வுக் காம்பின் தலையை மேல் ராக்கர் தள்ளித் திறக்கும். காம்பில் மாட்டிய ஒரு சின்னக் கழுத்துப்பட்டைக்கு அடியில் கைவிட்டுத் தூக்குவது போல, கீழ் ராக்கர் இழுத்து மூடும். வால்வுக்குச் சொந்தமாக முடிவெடுக்க இடமே இல்லை. டெஸ்மோட்ரோமிக் என்று பெயர். கிரேக்கத்தில் டெஸ்மோஸ் என்றால் கட்டு, ட்ரோமோஸ் என்றால் ஓட்டம். யோசனை புதிதல்ல, 1954-இல் மெர்சிடிஸ் ரேஸ் கார் இதே முறையில் ஓடியது. ஆனால் 1956-இல் ஸ்வீடன் கிராண்ட் பிரீயில் 125 சிசி டெஸ்மோ முதல் பந்தயத்திலேயே ஜெயித்ததும், 1968 முதல் கடையில் விற்கும் பைக்குக்கே இது வந்ததும் டுகாட்டியின் தனிக்கதை.

இப்போது இதன் விலை. ஸ்பிரிங் வைத்த எஞ்சினில் வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே ஒரு இடைவெளியை அளந்தால் போதும். டெஸ்மோவில் திறக்கும் பக்கம் ஒன்று, மூடும் பக்கம் ஒன்று. சிலிண்டருக்கு நாலு வால்வு, ரெண்டு சிலிண்டர், ஆக 16 இடைவெளிகள். ஒவ்வொன்றும் மில்லிமீட்டரின் நூறில் சில பங்கு. ஓட ஓட வால்வு தன் இருக்கையில் தட்டித் தட்டி அதைத் தேய்த்து, நூலளவு மேலே ஏறும். அப்போது மேல் ராக்கருக்கும் காம்புக்கும் நடுவே இடம் குறையும், கீழ்ப்பக்கத்தில் கூடும். மேலே ஒன்றுமே மிச்சமில்லாமல் போனால் வால்வு முழுசாக உட்காராது. எரியும் வாயு அந்த இடுக்கில் கசிந்து விளிம்பைப் பொசுக்கும். மெக்கானிக் ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டை நுழைத்து 16-ஐயும் அளந்து, தப்பானதற்கு வேறு கனத்தில் ஷிம் என்ற சின்ன உலோகத் துண்டை மாற்றுவார். டேங்க், ரேடியேட்டர் என்று வழியில் நிற்பதையெல்லாம் கழற்றிய பிறகுதான் அந்த இடத்துக்கே கை போகும். ஜெர்மனியில் இதற்கான பில் ஆயிரம் யூரோவைத் தொட்டால் ஆச்சரியப்பட வேண்டாம்.

இருந்தாலும் பேசுகிற அளவுக்கு இது பயங்கரமில்லை என்பது என் கட்சி. முதல் டயாவெல்களுக்கு வால்வுச் சோதனை 24,000 கிலோமீட்டருக்கு ஒருமுறைதான். 2015 மாடலிலிருந்து 30,000. நண்பன் பார்த்த வண்டி அதில் பாதிகூட ஓடவில்லை. அதனால் வால்வைப் பற்றி நான் முதலில் கேட்கவே இல்லை.

பெல்ட் கதை வேறு. அந்தக் கேம்களை, பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டோடு இணைத்துச் சுற்றுவது பல் வைத்த ரெண்டு ரப்பர் பெல்ட்டுகள், சிலிண்டருக்கு ஒன்று. விதி: 24,000 கிலோமீட்டர் அல்லது 5 வருஷம், எது முதலில் வருகிறதோ அது. ரப்பர் சும்மா இருந்தாலும் கிழடு தட்டும். ஆக்ஸிஜனும் சூடும் அதை மெல்லக் கெட்டியாக்கிவிடும். ஆறு மாதம் அசையாமல் நிற்கும் வண்டியில், பல்சக்கரத்தை ஒட்டி மடங்கிய அதே இடத்திலேயே பெல்ட் மடங்கிக் கிடக்கும். அறுந்தாலோ பல் கழன்றாலோ கேம் நின்றுவிடும், கிராங்க் நிற்காது. திறந்தபடி நின்ற வால்வில் பிஸ்டன் வந்து மோதும். வால்வு வளையும், சில சமயம் பிஸ்டனே உடையும். வண்டியின் விலையில் கணிசமான பங்கு ஒரு வினாடிக்குள் போய்விடும்.

இந்த பெல்ட்டை எவ்வளவு இறுக்குவது என்பதைச் சத்தம் வைத்து அளக்கிறார்கள். கிட்டார் தந்தி மாதிரி விரலால் சுண்டினால் பெல்ட் அதிரும். இறுக்கம் கூடினால் சுருதி ஏறும். அந்த அதிர்வெண்ணைக் கருவி படிக்கும். வீட்டிலேயே வேலை பார்க்கும் ஆட்கள் போனில் ட்யூனர் ஆப்பைப் போட்டுக்கொண்டு எஞ்சின் பக்கத்தில் குனிந்திருப்பதைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஆனால் முறை சரியானதுதான்.

சர்வீஸ் புக்கின் படங்கள் வந்தன. 2017-இல் பெல்ட் மாற்றிய முத்திரை. அப்புறம் ஆயில் மாற்றியது மட்டும் ரெண்டு தடவை.

நேரில் பார்க்கப் போகும்போது, வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று ஓனரிடம் சொல்லச் சொன்னேன். ஆறி இருக்கும்போது ஆளுக்கு 600 சிசி உள்ள ரெண்டு பிஸ்டன்களைச் சுழற்றுவது ஸ்டார்ட்டருக்குச் சின்ன வேலையில்லை. பேட்டரி தளர்ந்திருந்தால் அங்கேயே முனகிக் காட்டிக்கொடுக்கும். சூடேற்றி வைத்த எஞ்சின் பல குற்றங்களை மறைக்கும். நண்பன் போனதும் எஞ்சின் மூடியில் கை வைத்துப் பார்த்தான். ஜில்லென்று இருந்தது. நல்ல மனுஷன்.

பின் டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம்: 1816. 2016-ஆம் வருஷம் 18-ஆவது வாரம். டயரின் பட்டன் நிறைய மிச்சம், ஆனால் நடுப்பகுதி நேர் சாலையில் ஓடித் தட்டையாகியிருந்தது. இவ்வளவு அகல டயரில் அது சங்கடம். வளைவில் சாயும்போது தரையைத் தொடும் இடம் நடுவிலிருந்து ஓரத்துக்கு உருண்டு போக வேண்டும். தட்டையான நடுவுக்கு விளிம்பு முளைத்திருந்தால், வண்டி முதலில் சாய மறுத்து அப்புறம் தொப்பென்று விழுவது போலச் சாயும். அது போக, ரப்பரின் வயசும் ஒரு குறை.

"இதுக்குப் பதிலா புது மாடலுக்கே போயிடவா?" என்று நடுவில் ஒரு சபலம் அவனுக்கு. 2023-இல் வந்த டயாவெல் வி4-இல் டெஸ்மோவும் இல்லை, ரப்பர் டைமிங் பெல்ட்டும் இல்லை. செயினும், தாலியோனி கழற்றி எறிந்த அதே ஸ்பிரிங்கும். இன்றைய உலோகத்தில் செய்த ஸ்பிரிங் அவ்வளவு தேறிவிட்டது. வால்வுச் சோதனை 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை. விலையைப் பார்த்ததும் சபலம் தானாக அடங்கியது.

பெல்ட், டயர், பேட்டரி மூன்றின் செலவையும் ஒரு தாளில் எழுதி ஓனரிடம் காட்டினான். அந்தச் செலவில் முக்கால்வாசியை விலையில் குறைத்தார். வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வரவில்லை, ட்ரெய்லரில் ஏற்றி நேராகப் பட்டறைக்குக் கொண்டுபோனான். எதற்கும் இருக்கட்டும் என்று 16 இடைவெளியையும் அளக்கச் சொல்ல, மூடும் பக்கத்தில் ரெண்டு மட்டும் கொஞ்சம் தளர்ந்திருந்தன. ஷிம் மாற்றினார்கள்.

கழற்றிய பெல்ட்டுகளை மெக்கானிக் அவன் கையிலேயே கொடுத்துவிட்டார். அன்று ராத்திரி அவற்றைச் சமையலறை மேஜையில் வைத்துப் படம் எடுத்து அனுப்பினான். விரிசல் இல்லை, பல் தேயவில்லை, ஒரு நூல்கூடப் பிரியவில்லை. "புதுசு மாதிரி இருக்கேடா, வீணா மாத்திட்டோமா?"

வெளியே பார்த்து எனக்கும் சொல்லத் தெரியவில்லை. உள்ளே ஓடும் இழைகள் எவ்வளவு தாங்கியிருக்கும் என்று அறுத்துப் பார்க்கலாம் என்றேன். அவனுக்கு மனசு வரவில்லை. ஷெட் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறான்.