ஜெனரேட்டிவ் ஏஐ: ‘ஆக்கச் செயற்கை நுண்ணறிவு’ என்னும் சொல்

ஒரு கட்டளையைத் தட்டச்சிட்டதும் ஓவியத்தையோ கட்டுரையையோ பாடலையோ அசையும் படத்தையோ தந்துவிடும் கணினி அமைப்புகளை ஜெனரேட்டிவ் ஏஐ என்றும், சுருக்கமாக ஜென் ஏஐ என்றும் வழங்குகிறோம். படம் தரும் தால்-இ 2, மிட்ஜர்னி, ஸ்டேபிள் டிஃப்யூஷன், எழுத்துத் தரும் சாட்ஜிபிடி ஆகிய நான்கும் 2022ஆம் ஆண்டுக்குள்ளேயே அடுத்தடுத்து வெளிவந்ததால், அதுவரை ஆய்வாளர்களிடையே மட்டும் புழங்கிய இச்சொல் செய்தி அறைகளுக்கும் ஓவியக் கூடங்களுக்கும் திரைக்கதை மேசைகளுக்கும் ஒரே வீச்சில் வந்து சேர்ந்தது.

ஜெனரேட்டிவ் என்னும் பெயரடைக்கு மூலம், பெற்றெடுத்தல் அல்லது ஈனுதல் என்று பொருள்படும் ஜெனராரே என்னும் லத்தீன் வினை ஆகும். குலம், இனம் என்று பொருள்படும் ஜீனஸ் என்னும் பெயர்ச்சொல்லோடு உறவுடையது அவ்வினை. தலைமுறையைக் குறிக்கும் ஜெனரேஷனும், மின்சாரம் தரும் ஜெனரேட்டரும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. கலைத்துறைக்கும் இச்சொல் புதிதன்று: கியோர்க் நீஸ் என்பவர் கணினியால் வரைந்த கோட்டோவியங்கள் 1965இல் ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட் நகரில் காட்சிக்கு வைக்கப்பட்டபோதே இந்தப் பெயரடை அவற்றோடு ஒட்டியிருந்தது. மொழியியலில் அதற்கும் முன்பாக, வரம்புடைய விதிகளிலிருந்து வரம்பற்ற வாக்கியங்கள் பிறக்கும் முறையைச் சுட்ட நோம் சாம்ஸ்கி அதைக் கையாண்டார்.

எனினும் இன்றைய பெயருக்கு நேரடி மூலம் புள்ளியியல்தான். தரவிலிருந்து கற்கும் மாதிரிகளை அத்துறையினர் இரண்டாகப் பிரிப்பர். ஒரு படத்தைக் கொடுத்தால் அது பூனையா நாயா என்று பிரித்தறிவதோடு நிற்பது ஒரு வகை. பூனைப் படங்கள் எவ்வாறெல்லாம் அமைகின்றன என்னும் பரவலையே கற்றுக்கொண்டு, அதிலிருந்து இதுவரை இல்லாத ஒரு பூனைப் படத்தை எடுத்துத் தர வல்லது மற்றொரு வகை. இரண்டாவதற்கு இடப்பட்ட பெயரே ஜெனரேட்டிவ். 2014இல் இயன் குட்ஃபெல்லோவும் உடன் ஆய்வாளர்களும் முன்வைத்த, கணினி மாதிரிகளான இரண்டு வலையமைப்புகள் ஒன்றோடொன்று போட்டியிட்டுக் கற்கும் முறையின் பெயரிலும் இச்சொல்லே முதலில் நின்றது. ஆக, இது ஒரு வகைப்பாட்டுச் சொல்லே அன்றி, கற்பனைத் திறனுக்குக் கொடுத்த பாராட்டு அன்று. விளம்பரங்களில் அது பாராட்டாக மாறியது பின்னாளைய கதை.

தமிழில் இதற்குப் ‘படைப்புச் செயற்கை நுண்ணறிவு’, ‘உருவாக்கும் செயற்கை நுண்ணறிவு’, ‘ஆக்கச் செயற்கை நுண்ணறிவு’ என்று பல வடிவங்களை எழுதலாம். முதலாவது பொருந்தாது, மூலச்சொல்லில் இல்லாத படைப்பாளி என்னும் தகுதியை அது எந்திரத்திற்குத் தந்துவிடுகிறது. இரண்டாவதில் பொருள் மயக்கம் உண்டு: ‘ஒரு நிறுவனம் உருவாக்கும் செயற்கை நுண்ணறிவு’ என்றால் அந்நிறுவனம் நுண்ணறிவை உருவாக்குகிறது என்றுதானே எவரும் கொள்வர்?

‘ஆக்கச் செயற்கை நுண்ணறிவு’ என்பதற்கும் ஒரு தடை சொல்லலாம். நூலுக்குரிய முன்னுரையாகிய சிறப்புப் பாயிரம் கூற வேண்டிய எட்டுச் செய்திகளில் முதலாவதாக ‘ஆக்கியோன் பெயர்’ என்பதை நன்னூல் வைக்கிறது. ஆசிரியனுக்கே ஆக்கியோன் என்று பெயரிருக்க, அதே வேரை எந்திரத்திற்குக் கொடுக்கலாமா? கொடுக்கலாம் என்பதே என் கருத்து. ‘ஆகு’ என்னும் தன்வினைக்குப் பிறவினை ‘ஆக்கு’. களிமண் குடம் ஆகிறது. குயவர் களிமண்ணைக் குடம் ஆக்குகிறார். படைத்தல் என்றால் படைக்கப்பட்டதை மட்டும் சொன்னால் போதும். ஆக்குதல் என்றாலோ எதை எதுவாக்கினாய் என்ற கேள்வி உடனே எழுகிறது. ஜெனரேட்டராகிய மின்னியற்றிக்கு மின்னாக்கி என்றும் பெயர் சொல்வதுண்டு. அதுவும் சுழலும் ஆற்றலை மின்னாற்றலாக்கும் கருவியே, ஒன்றுமில்லாததிலிருந்து எதையும் வரவழைப்பதன்று.

கலைஞர்களும் பத்திரிகையாளர்களும் இன்று நீதிமன்றங்களில் எழுப்பும் கேள்வியும் ‘எதை எதுவாக்கினாய்’ என்பதே. தங்கள் படங்களை இசைவின்றிப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டதாக ஓவியர்கள் சிலர் 2023 ஜனவரியில் அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தனர். அதே ஆண்டு டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ், தன் கட்டுரைகளை அவ்வாறே எடுத்துக்கொண்டதாக, சாட்ஜிபிடியை வெளியிட்ட ஓபன்ஏஐ, மைக்ரோசாஃப்ட் ஆகிய நிறுவனங்கள்மீது வழக்குத் தொடுத்தது. மூலப்பொருள் யாருடையது என்பதை மறைக்காத சொல் நமக்கு வேண்டுமென்றால், ‘ஆக்கு’ அதற்கு இடம் தருகிறது, ‘படை’ தருவதில்லை.

விளைபொருளுக்கு ஆசிரியர் யார் என்பதிலும் சொற்களே வழக்கின் மையமாகின்றன. பிரிட்டனின் 1988ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், மனித ஆசிரியர் இல்லாத சூழலில் கணினி ஆக்கிய ஆக்கம் என்று ஒரு வகையை வரையறுத்து, அதற்கு வேண்டிய ஏற்பாடுகளைச் செய்தவரையே ஆசிரியராகக் கொள்கிறது. அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகமோ 2023இல் ஒரு படக்கதை நூலின் எழுத்துக்கும் அடுக்குமுறைக்கும் உரிமை தந்துவிட்டு, மிட்ஜர்னி தந்த படங்களுக்கு மட்டும் தர மறுத்தது. அதே ஆண்டு 148 நாள் வேலைநிறுத்தத்தின் முடிவில் அமெரிக்கத் திரைக்கதை எழுத்தாளர்கள் பெற்ற ஒப்பந்தத்தின்படி, செயற்கை நுண்ணறிவு தரும் எழுத்து ‘இலக்கியப் பொருள்’ என்று கணக்கிடப்படாது. ஏட்டளவு வரையறைபோல் தோன்றினாலும், எழுத்தாளரின் பெயர் திரையில் வருவதும் அவருக்குரிய ஊதியமும் அதைச் சார்ந்தே நிற்கின்றன.

ஆகவே பெயராக ‘ஆக்கச் செயற்கை நுண்ணறிவு’ என்று எழுதலாம். வலி மிகும் என்பதால் இடையில் ச் கட்டாயம் வேண்டும். வினையாக ‘ஆக்கியது’, ‘உருவாக்கியது’ என்பவை போதும். ‘இயற்றியது’, ‘புனைந்தது’, ‘படைத்தது’ ஆகியவற்றை மனிதருக்கு விட்டுவிடலாம். ஊடகத்தார் படக்குறிப்பு எழுதும்போது வேற்றுமை உருபிலும் கவனம் வைக்க வேண்டும். மூன்றாம் வேற்றுமையின் ‘ஆல்’ உருபு கருவியையும் உணர்த்தும், கருத்தாவையும் உணர்த்தும். எனவே ‘செயற்கை நுண்ணறிவால் வரையப்பட்ட ஓவியம்’ என்னும் தொடரில் வரைந்தவர் ஒருவர் பின்னால் இருக்கிறாரா, இல்லையா என்பது தெரிவதில்லை. ஒருவர் கட்டளை எழுதி, தேர்ந்து, திருத்தியிருந்தால் ‘செயற்கை நுண்ணறிவைக் கொண்டு இன்னார் உருவாக்கிய படம்’ என்று எழுத வேண்டும், ஏனெனில் ‘கொண்டு’ என்னும் சொல்லுருபு கருவியை மட்டுமே சுட்டும். எவரும் அவ்வாறு தலையிடவில்லை என்றால், எந்திரத்தையே எழுவாயாக்கி, ‘இப்படத்தை இன்ன செயலி உருவாக்கியது’ என்று எழுதுவது நேர்மையான குறிப்பு.